டெபியன் 12-ஐத் தாக்கிய எக்ஸ்ட்4 வழுவும் கெர்னல் மேம்படுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 நவம்பர் 28 அன்று வெளியான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.1.64-இல், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எழுதும் தரவைச் சிதைக்கும் வழு ஒன்று புகுந்துவிட்டது. டிசம்பர் 9-ஆம் தேதி வரவேண்டிய, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.3 பதிப்பு அந்தக் கெர்னலோடுதான் வருவதாக இருந்தது. வழு தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டு, மறுநாளே திருத்திய கெர்னலுடன் 12.4-ஐ வெளியிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் பல கணினிகளில் பழுதான கெர்னல் ஏறிவிட்டது. அந்த வாரத்து ஸ்னாப்ஷாட்டையோ (கணினியின் அப்போதைய நிலையின் பதிவு) பேக்கப்பையோ எடுத்து ஓட்டுபவர்களுக்கு இன்றும் இந்தச் சிக்கல் வரக்கூடும்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

என் கணினியில் பழுதான கெர்னல் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் "யுநேம் -ஆர்" அடித்துப் பார்த்துக் குழம்பிப் போகிறார்கள். அது காட்டும் 6.1.0-14-ஏஎம்டி64 என்பதில் உள்ள 14, கெர்னலின் பதிப்பு எண் அல்ல. டெபியன் தன் வசதிக்காக வைத்துக்கொள்ளும் வரிசை எண். உண்மையான பதிப்பு "யுநேம் -வி" என்று அடித்தால்தான் தெரியும். அந்த வரியில் "டெபியன் 6.1.64-1" என்று இருந்தால் பழுதான கெர்னலில்தான் இருக்கிறீர்கள்.

பொருத்திப் பார்க்க: 6.1.0-13 என்பது 6.1.55-1, அதில் இந்த வழு இல்லை. 6.1.0-14 என்பது 6.1.64-1, அதில் உண்டு. 6.1.0-15 என்பது 6.1.66-1, திருத்தப்பட்டது. 6.1.0-16 என்பது 6.1.67-1. மூலத்திலிருந்து தாங்களே கெர்னல் கட்டியவர்கள் 6.1.64, 6.1.65 இரண்டையும் பழுதானவையாகவே கொள்ளவேண்டும்.

இன்னொன்று: நிறுவப்பட்டிருப்பது வேறு, ஓடிக்கொண்டிருப்பது வேறு. நிறுவிய பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) காட்டும் "டிபிகேஜி -எல்" பட்டியலில் 6.1.0-15 இருந்தாலும், ரீபூட் செய்யாதவரை நினைவகத்தில் இருப்பது பழையதுதான். சர்வர்களில் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம்.

இப்போது நல்ல கெர்னல்தான் ஓடுகிறது. முன்பு எப்போதாவது பழுதானது ஓடியிருக்குமா?

"லாஸ்ட் ரீபூட்" கட்டளை ஒவ்வொரு பூட்டுக்கும் எந்தக் கெர்னல் என்று காட்டும். ஆனால் அந்தப் பதிவு மாதத்துக்கு ஒருமுறை சுழற்றப்படுவதால் பழைய நாட்கள் அதில் இருக்காது. அப்போது "ஜர்னல்சிடிஎல்" கட்டளையில் "லினக்ஸ் வெர்ஷன்" என்ற சொற்களைத் தேடுங்கள். ஒவ்வொரு பூட்டின் முதல் வரியிலும் அது இருக்கும். பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் எப்போது எதை நிறுவியது என்பது /வார்/லாக்/ஆப்ட்/ கோப்புறையில் உள்ள ஹிஸ்டரி பதிவில் தேதி, நேரத்தோடு கிடைக்கும். பழுதான கெர்னலில் பூட் ஆன நேரம், அதை விட்டு வெளியேறிய நேரம் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தைத் தேடும்போது இந்த இரண்டு நேரங்கள்தான் எல்லைக்கோடு.

வழு சரியாக எங்கே இருந்தது?

ஒரு நிரல் கோப்பைத் திறந்து வரிசையாக எழுதிக்கொண்டே போகும்போது, "அடுத்து எங்கே எழுதவேண்டும்" என்ற இடக்குறியைக் கெர்னல்தான் வைத்திருக்கிறது. 1 எம்பி எழுதி முடித்தால் குறி 1 எம்பி நகரவேண்டும். இந்த வழுவில் எழுதுவது நடக்கிறது, வெற்றி என்ற பதிலும் நிரலுக்கு வருகிறது, குறி மட்டும் நகர்வதில்லை. அடுத்த 1 எம்பி முந்தையதன் மேலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது.

காரணம் இரண்டு திருத்தங்களுக்கு இடையிலான உறவு. ஓ_டைரக்ட் முறையில், அதாவது கெர்னலின் பக்கத் தற்காலிக நினைவகத்தைத் தாண்டி நேரே டிஸ்க்குக்கு எழுதும் முறையில், கோப்பின் அளவு ஒழுங்காகப் பதிவாகவேண்டும் என்பதற்காக எக்ஸ்ட்4-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். அதன்படி, எழுதி முடிந்ததும் அழைக்கப்படும் எக்ஸ்ட்4-இன் செயல்கூறு, எத்தனை பைட் எழுதப்பட்டது என்ற எண்ணைத் திருப்பித் தருகிறது. ஐயோமேப் என்ற பொதுப் பகுதி அந்த எண்ணை வாங்குகிறது. 6.1 வரிசையின் பழைய ஐயோமேப், சுழியம் திரும்பி வந்தால் மட்டுமே குறியை நகர்த்தும். 6.5-இல் அது ஏற்கெனவே மாற்றப்பட்டு, சுழியத்தைவிடப் பெரிய எண் வந்தால் நகர்த்தும்படி ஆகியிருந்தது. எக்ஸ்ட்4 திருத்தம் 6.1.64-க்குப் பின்னோக்கிக் கொண்டுவரப்பட்டது. அது சார்ந்திருந்த ஐயோமேப் திருத்தம் கூட வரவில்லை. தனியே பார்த்தால் எக்ஸ்ட்4 திருத்தத்தில் ஒரு பிழையும் இல்லை. துணையில்லாமல் வந்ததுதான் பிழை.

எல்டிபி என்ற லினக்ஸ் சோதனைத் தொகுப்பில் ப்ரீட்வி03 என்ற சோதனை தோற்றதைப் பின்தொடர்ந்து, எக்ஸ்ட்4-இல் பணிபுரியும் யான் காரா காரணத்தைக் கண்டறிந்தார். விடுபட்ட ஐயோமேப் திருத்தத்தையும் சேர்த்து டிசம்பர் 8 அன்று 6.1.66 வெளிவந்தது. டெபியனில் இது 1057843 என்ற வழு எண்ணில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் என் கோப்புகள் எல்லாமே கெட்டிருக்குமா?

இல்லை. மூன்று நிபந்தனைகள் ஒன்றாகச் சேரவேண்டும்: கோப்பு எக்ஸ்ட்4-இல் இருக்கவேண்டும், நிரல் அதை ஓ_டைரக்ட் முறையில் திறந்திருக்கவேண்டும், இடத்தை ஒவ்வொரு முறையும் தானே சொல்லாமல், கெர்னலின் குறியை நம்பி வரிசையாக எழுதவேண்டும்.

உலாவி, லிப்ரேஆபிஸ், மின்னஞ்சல், படங்களை நகலெடுப்பது, டிபிகேஜி பொதிகளை நிறுவுவது எல்லாம் சாதாரண வழியில் எழுதுபவை; ஓ_டைரக்ட் அவற்றில் இல்லை. போஸ்ட்கிரஸ் தரவுக் கோப்புகளை இயல்பாகக் கெர்னலின் தற்காலிக நினைவகம் வழியேதான் எழுதுகிறது. மைஎஸ்க்யூஎல் இன்னோடிபியை ஓ_டைரக்ட்டுக்கு மாற்றி வைத்திருந்தாலும், அது ஒவ்வொரு பக்கத்தையும் இடம் குறிப்பிட்டே எழுதுவதால் இந்தப் பள்ளத்தில் நேரடியாக விழாது. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் க்யூஎம்யூவின் டிஸ்க் பிம்பக் கோப்புகளும் அப்படியே.

மாட்டுபவை எவை? ஓஃப்ளாக்=டைரக்ட் சேர்த்து "டிடி" கட்டளையை ஓட்டும் பேக்கப் ஸ்கிரிப்டுகள், டிஸ்க் பிம்பம் எடுப்பவை, கருவிகளிலிருந்து வரும் தரவை வேகத்துக்காக நேரே டிஸ்க்கில் கொட்டும் பதிவு நிரல்கள், நிறுவனத்துக்குள் எழுதிக்கொண்ட சி நிரல்கள். வேதனையான விஷயம், இந்தப் பட்டியலில் முதலில் நிற்பது பேக்கப். மூலத் தரவு நலமாக இருக்கும், அதைக் காக்க எடுத்த நகல் கெட்டிருக்கும்.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்துபவர்களை இந்தக் குறிப்பிட்ட வழு தொடவில்லை.

வழு இருக்கிறதா என்று நானே சோதித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், அரை நிமிட வேலை. எக்ஸ்ட்4-இல் உள்ள ஒரு கோப்புறையில், தேவையில்லாத புதுப் பெயர் ஒன்றைக் கொடுத்து, "டிடி" கட்டளையால் /டெவ்/யுரேண்டம் என்பதிலிருந்து 1 எம்பி அளவில் 10 துண்டுகள் எழுதுங்கள். பிஎஸ்=1எம், கவுண்ட்=10, ஓஃப்ளாக்=டைரக்ட். முடிந்ததும் "எல்எஸ் -எல்" போட்டு அளவைப் பாருங்கள்.

நல்ல கெர்னலில் கோப்பு 1,04,85,760 பைட் இருக்கும். பழுதானதில் 10 துண்டுகளும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கோப்பு 10,48,576 பைட்டில் நின்றுவிடும். அதில் இருப்பது கடைசித் துண்டு மட்டும். ஆனால் "டிடி" எந்தக் குறையும் சொல்லாது. 10 துண்டு உள்ளே, 10 துண்டு வெளியே என்றே அறிக்கை தரும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியிலும் ஒரு வரி இருக்காது. பிழைச்செய்தி இல்லாததால் எல்லாம் நலம் என்று இந்த வழுவில் முடிவுகட்டவே கூடாது.

இருக்கும் கோப்பின் பெயரைத் தவறியும் கொடுத்துவிடாதீர்கள். "டிடி" கேள்வி கேட்காமல் அதை அழித்துவிட்டு எழுதும்.

எஃப்எஸ்சிகே ஓட்டினால் சரியாகிவிடாதா?

ஆகாது. கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவியான எஃப்எஸ்சிகே பார்ப்பது கட்டமைப்பை: எந்த ஐநோடு (கோப்பின் விவரப் பதிவு) எந்த பிளாக்கை வைத்திருக்கிறது, கோப்புறைகள் ஒழுங்காக இணைந்திருக்கின்றனவா, காலி இடக் கணக்கு சரியா என்பவற்றை. இந்த வழுவில் கட்டமைப்பு ஒழுங்காகவே இருக்கிறது, கோப்புக்குள் இருக்கும் தரவுதான் இடம் மாறியிருக்கிறது. எனவே "க்ளீன்" என்றே பதில் வரும், அது உண்மையும்கூட.

எக்ஸ்ட்4 செக்சம் (தரவு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைப்பதும் கட்டமைப்புக்குத்தான், கோப்பின் உள்ளடக்கத்துக்கு அல்ல. தரவுக்கும் செக்சம் வைக்கும் கோப்பு முறைமையாக இருந்தாலும் இத்தகைய வழுவைப் பிடித்திருக்காது. தவறான இடத்துக்குப் போன தரவுக்கும் சரியான செக்சம்தானே எழுதப்படும்.

மேம்படுத்தத் தொடங்கும் முன் என்ன செய்யவேண்டும்?

முதலில், ஓ_டைரக்ட்டில் எழுதும் வேலைகளை நிறுத்துங்கள். க்ரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) இருக்கும் இரவு நேர பேக்கப் முக்கியமானது. அது இன்னொரு சுற்று ஓடினால் இன்னொரு கெட்ட நகல் உருவாகும். அதைவிட ஆபத்து, அந்தப் புதிய நகலுக்கு இடம் தர பழைய நல்ல நகலைச் சுழற்சி விதி அழித்துவிடும். எனவே பழைய நகல்களை அழிக்கும் விதியையும் சேர்த்து நிறுத்துங்கள்.

தானாகவே மேம்படுத்தும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் வைத்திருந்தால் அதையும் நிறுத்தி, எது எப்போது நிறுவப்படுகிறது என்பதை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு "டிஎஃப் -எச் /பூட்" போட்டு இடத்தைப் பாருங்கள். 200 எம்பிக்குக் குறைவாக இருந்தால் முதலில் இடம் செய்யுங்கள்.

மேம்படுத்தும் படிகள் என்ன?

"ஆப்ட் அப்டேட்" ஓட்டுங்கள். அடுத்து "ஆப்ட் பாலிசி லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64" அடித்து, கேண்டிடேட் என்ற வரியில் 6.1.66-1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள மிரர் (பொதிகளின் நகல் சர்வர்) பின்தங்கியிருந்தால் இன்னும் 6.1.64-ஐயே காட்டும், அப்படியானால் மிரரை மாற்றுங்கள், கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதில் பயனில்லை.

அதன்பின் "ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64". இது வெறும் சுட்டிப் பொதி. உண்மையான கெர்னல் பொதியைத் தானே இழுத்துக்கொண்டு வரும். "ஆப்ட்-கெட் அப்கிரேட்" பழக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்க: கெர்னல் ஒவ்வொரு முறையும் புதிய பெயரில் வரும் பொதி. அந்தக் கட்டளை புதிய பொதி எதையும் நிறுவாது என்பதால் கெர்னலை "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். "ஆப்ட் அப்கிரேட்" என்றால் நிறுவும். பெயரில் சிறு வேறுபாடு, விளைவில் பெரிய வேறுபாடு.

நிறுவும்போது திரையைப் பாருங்கள். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு பிம்பத்தை உருவாக்குவது) ஒரு வரியும், க்ரப் (கெர்னலைத் தேர்ந்து ஏற்றும் நிரல்) புதிய கெர்னலைக் கண்டுபிடித்த வரியும் வரவேண்டும். இரண்டும் பிழையில்லாமல் வந்த பிறகே ரீபூட். மீண்டு வந்ததும் "யுநேம் -வி" பார்த்து, மேலே சொன்ன "டிடி" சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். பதிப்பு எண்ணைப் பார்த்து நம்புவதைவிட 10 எம்பி கோப்பின் அளவைப் பார்த்து நம்புவது மேல்.

/பூட் நிரம்பி, நிறுவல் பாதியில் நின்றுவிட்டது.

தனிப் பிரிவாக /பூட் வைத்திருக்கும் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். இனிட்ராம்எஃப்எஸ் பிம்பத்தை எழுதும்போது கருவி முதலில் தற்காலிகப் பெயரில் ஒரு முழுக் கோப்பை உருவாக்கி, முடிந்த பிறகே பெயரை மாற்றும். அதனால் கணக்குப்படி இடம் இருப்பதுபோல் தோன்றினாலும் நடுவில் தீர்ந்துபோகும்.

இப்போது ஓடும் கெர்னல் எது என்று "யுநேம் -ஆர்" மூலம் பார்த்து, அதைத் தவிர மிகப் பழையது ஒன்றை "ஆப்ட் பர்ஜ்" செய்யுங்கள். பாதியில் நின்ற நிறுவலால் ஆப்ட் மறுத்தால், "டிபிகேஜி --பர்ஜ்" நேரடியாகச் செய்யும். பிறகு "டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ", அடுத்து "ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". /பூட்டுக்குள் போய் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். பொதி இருப்பதாகவே டிபிகேஜி நினைத்துக்கொண்டு, அடுத்த முறை மீண்டும் தடுக்கி விழும்.

பிரிவு நிரந்தரமாகவே சிறியது என்றால், /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/ கோப்புறையிலுள்ள அமைப்புக் கோப்பில் மாட்யூல்ஸ்=மோஸ்ட் என்பதை மாட்யூல்ஸ்=டெப் என்று மாற்றினால் பிம்பம் நன்றாகவே சுருங்கும். விலை ஒன்று உண்டு: அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம்.

என்விடியா, விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் போன்றவை புதிய கெர்னலில் வேலை செய்யுமா?

இவை டிகேஎம்எஸ் வழியே ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கட்டப்படுபவை. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 பொதி இருந்தால்தான் கட்டமுடியும். ரீபூட்டுக்கு முன் "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" அடித்து, புதிய கெர்னலின் பெயருக்கு எதிரே "இன்ஸ்டால்டு" என்று இருக்கிறதா பாருங்கள். ரூட் பிரிவே இசட்எஃப்எஸ்ஸில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் ரீபூட் செய்யவே கூடாது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கட்டிய மாட்யூலுக்கு உங்கள் சாவியால் கையொப்பம் இருக்கவேண்டும்; இல்லையென்றால் கெர்னல் அதை ஏற்றாது.

சர்வர் வெளியூர் டேட்டா சென்டரில் இருக்கிறது. ரீபூட் செய்து திரும்ப வரவில்லை என்றால்?

புதிய கெர்னலை ஒரே ஒரு முறை சோதித்து, விழுந்தால் தானாகப் பழையதற்குத் திரும்பும்படி க்ரப்பை அமைக்கலாம். /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_டிஃபால்ட் மதிப்பை "சேவ்டு" என்று மாற்றுங்கள். கெர்னல் கட்டளை வரியில் பேனிக்=10 சேருங்கள். அப்போது கெர்னல் விழுந்தாலோ ரூட் பிரிவு கிடைக்காமல் போனாலோ, திரையில் காத்திராமல் 10 நொடியில் மறுபடி பூட் ஆகும். "அப்டேட்-க்ரப்" ஓட்டுங்கள்.

பிறகு "க்ரப்-செட்-டிஃபால்ட்" கட்டளையில் பழைய நல்ல கெர்னலைக் கொடுங்கள். துணைப் பட்டியலில் இருப்பதை "1>2" என்ற வடிவில் சொல்லவேண்டும். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொரு கெர்னலுக்கும் அடுத்து அதன் ரெகவரி வரி ஒன்று இருக்கும். ஆக உள்பட்டியலில் 0 புதியது, 1 அதன் ரெகவரி, 2 அதற்கு முந்தைய கெர்னல். அந்த முந்தையது 6.1.0-14 ஆகவே இருந்தால் அதை விட்டுவிட்டு 6.1.0-13-க்குரிய எண்ணைக் கொடுங்கள். பாதுகாப்புக்காகத் திரும்பும் இடமே பழுதானதாக இருக்கக்கூடாது. கடைசியாக "க்ரப்-ரீபூட் 0", பின் ரீபூட். எல்லாம் நன்றாக வந்தால் "க்ரப்-செட்-டிஃபால்ட் 0" போட்டு நிரந்தரமாக்குங்கள்.

/பூட் எல்விஎம்மிலோ மென்பொருள் ரெய்டிலோ இருந்தால் இந்த உத்தி கைகொடுக்காது. "ஒருமுறை முயன்றாயிற்று" என்ற குறிப்பைக் க்ரப்பால் அங்கே எழுதமுடியாது. அதனால் ஒவ்வொரு பூட்டிலும் புதியதையே எடுக்கும். மேலும், பேனிக்=10 காப்பது கெர்னல் விழுவதிலிருந்து மட்டும். கெர்னல் நன்றாக ஏறி நெட்வொர்க் மட்டும் வராமல் போனால் ஐபிஎம்ஐ அல்லது தொலைக் கன்சோல்தான் வழி. அதன் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று ரீபூட்டுக்கு முன்பே உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள்.

பழைய 6.1.55-க்கே திரும்பிவிட்டால் போதாதா?

உடனடி முதலுதவியாகப் போதும். சில சமயம் அதுவே விரைவானது. பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்தி, க்ரப்பின் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" பட்டியலில் 6.1.0-13-ஐத் தேர்ந்தெடுங்கள். வழு ஒரு இடைவெளியில்தான் இருக்கிறது. அதற்கு முந்தையதிலும் இல்லை, பிந்தையதிலும் இல்லை.

ஆனால் "ஆப்ட்-மார்க் ஹோல்டு" போட்டு சுட்டிப் பொதியைப் பழையதில் கட்டிவைத்துவிட்டு மறந்துபோவது பெரிய ஆபத்து. அதன்பின் வரும் எந்தப் பாதுகாப்புத் திருத்தமும் அந்தக் கணினிக்கு வராது, எச்சரிக்கையும் இருக்காது. "ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு" அடித்து ஏதாவது கட்டிக்கிடக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பாருங்கள். இருந்தால் "அன்ஹோல்டு" செய்யுங்கள்.

6.1.66 போட்ட பிறகு வைஃபை தகராறு செய்கிறது, கணினியே உறைகிறது.

அது வேறு வழு. 6.1.66-இல் சிஎஃப்ஜி80211 என்ற வைஃபை பகுதியில் வந்த ஒரு மாற்றம் சில கணினிகளை நிலைகுலைத்தது. 6.1.67-இல் அந்த மாற்றத்தையே திரும்ப எடுத்துவிட்டார்கள். டெபியனில் 6.1.0-16 அதுதான். எக்ஸ்ட்4 வழுவுக்குப் பயந்து 6.1.64-க்கு மேல் போனவர்கள் 6.1.66-இல் நிற்காமல், கிடைப்பதில் ஆகப் புதியதற்குப் போய்விடுவதே நல்லது.

மேம்படுத்தியாயிற்று. கெட்டுப்போன கோப்புகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கெர்னலை மாற்றியதும் புதிய சேதம் நிற்கும். ஏற்கெனவே தவறாக எழுதப்பட்டதை எந்தக் கெர்னலும் திருப்பித் தராது. இந்த வேலையைத்தான் பலர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் குறித்துவைத்த இரண்டு நேரங்களை எடுங்கள். "ஃபைண்ட்" கட்டளையில் -நியூவர்எம்டி தேர்வுக்கு முதல் நேரத்தையும், அதன் எதிர்மறைக்கு இரண்டாம் நேரத்தையும் கொடுத்தால், இடையில் மாற்றப்பட்ட கோப்புகள் மட்டும் பட்டியலாகும். அதிலிருந்து ஓ_டைரக்ட் நிரல்கள் எழுதுபவற்றைப் பிரித்தெடுங்கள். ஒரு நிரல் அப்படி எழுதுகிறதா என்பதில் ஐயம் இருந்தால், நல்ல கெர்னலில் அதை "எஸ்ட்ரேஸ்" கீழ் ஓட்டி, கோப்பைத் திறக்கும் வரியில் ஓ_டைரக்ட் இருக்கிறதா, அடுத்து வருவது வெறும் "ரைட்" அழைப்பா இடம் சொல்லும் "பிரைட்64" அழைப்பா என்று பாருங்கள்.

சேதத்தின் முதல் அடையாளம் அளவு. நாள்தோறும் 40 ஜிபி வரும் பேக்கப் அந்த இரவு மட்டும் 4 எம்பி என்றால் வேறு சான்று தேவையில்லை. ஆனால் இருக்கும் கோப்பின் மேல் எழுதிய இடங்களில் அளவு மாறாது. அங்கே உள்ளடக்கத்தைத்தான் சோதிக்கவேண்டும்: ஜிஜிப், இசட்எஸ்டிடி கோப்புகளுக்கு -டி தேர்வு, டார் என்றால் முழுதும் பட்டியலிட்டுப் பார்ப்பது, க்யூகவ்2 பிம்பத்துக்கு "க்யூஎம்யூ-ஐஎம்ஜி செக்", மைஎஸ்க்யூஎல்லுக்கு "மைஎஸ்க்யூஎல்செக்". மூலம் இன்னும் கையில் இருந்தால் இரண்டுக்கும் "ஷா256சம்" எடுத்து ஒப்பிடுவதே உறுதியான வழி.

"டெப்சம்ஸ் -எஸ்" ஓட்டிப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். அது நிறுவப்பட்ட பொதிகளின் கோப்புகளை மட்டுமே சோதிக்கும். டிபிகேஜி ஓ_டைரக்ட்டில் எழுதுவதே இல்லை என்பதால் அது சுத்தமாகத்தான் வரும். உங்கள் தரவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கெட்டது என்று உறுதியானால் பழுதுபார்க்க வழியில்லை. மேலே எழுதப்பட்ட தரவு போனது போனதுதான். மூலத்திலிருந்து மறுபடி எடுங்கள். அந்த நாட்களின் பேக்கப்பை அழிக்காமல் வைத்திருக்கவேண்டும் என்றால் பெயரிலேயே "சந்தேகம்" என்று எழுதிவையுங்கள், ஓராண்டு கழித்து இன்னொருவர் அதை நம்பி மீட்கக்கூடாது.

டாக்கர், விஎம்களில் யாருடைய கெர்னலைப் பார்க்கவேண்டும்?

டாக்கர் கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது. உள்ளே எந்தப் பதிப்பு டெபியன் இருந்தாலும் ஓடுவது ஹோஸ்டின் கெர்னல்தான். விஎம்முக்கு (மெய்நிகர் கணினிக்கு) தனிக் கெர்னல் உண்டு. ஹோஸ்டை மட்டும் மேம்படுத்தினால் விஎம்முக்குள் இருக்கும் வழு அப்படியே இருக்கும். விஎம்மைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் கெர்னலும் கூடவே திரும்பிவிடும். 2023 டிசம்பர் இரண்டாம் வாரத்து ஸ்னாப்ஷாட் என்றால், அதைத் திறந்ததும் முதல் வேலை "யுநேம் -வி".

இது கெர்னல் வழுதானா, டிஸ்க் சாகிறதா? எப்படிப் பிரித்தறிவது?

கோப்பு கெட்டதும் கெர்னல்மேல் பழி போடுவது எளிது. பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி வன்பொருள்தான். டிமெஸ்ஜியில் "ஐ/ஓ எரர்", அதோடு டிஸ்க் பெயரும் செக்டர் எண்ணும் வந்தால் டிஸ்க்கையே சந்தேகியுங்கள். "ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" தரும் பட்டியலில் 5-ஆம் வரிசை மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197-ஆம் வரிசை படிக்கமுடியாமல் காத்திருப்பவை. இவை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றவேண்டியதுதான். 199-ஆம் வரிசை ஏறினால் டிஸ்க் அல்ல, பெரும்பாலும் சாட்டா கேபிள். சில நூறு ரூபாய் கேபிளை மாற்றாமல் டிஸ்க்கையும் கெர்னலையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வெவ்வேறு கோப்புகளில் எங்கோ ஓரிரு பிட் மட்டும் மாறியிருந்தால் ராமைச் சந்தேகித்து மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

கெர்னல் வழு என்று சொல்ல வேண்டிய சான்று: வன்பொருளில் ஒரு குறையும் இல்லை, குறிப்பிட்ட பதிப்பில் ஒவ்வொரு முறையும் நடக்கிறது, அதே கணினியில் வேறு பதிப்பில் பூட் செய்தால் நடக்கவில்லை.

மற்றக் கோப்பு முறைமை வழுக்களுக்கும் இதே முறைதானா?

கெர்னலை மாற்றும் படிகள் ஒன்றுதான். சேதத்தைக் கையாள்வதுதான் வழுவுக்கு வழு மாறும்.

2018 இறுதியில் 4.19 கெர்னலில் எக்ஸ்ட்4 பிரிவுகள் சிதைந்தன. எல்லோரும் எக்ஸ்ட்4-ஐயே குறைசொன்னார்கள். உண்மையில் பழுது அதற்கும் கீழே, டிஸ்க்குக்குக் கோரிக்கைகளை அனுப்பும் பிஎல்கே-எம்க்யூ அடுக்கில் இருந்தது. டிசம்பரில் 4.19.8-இல் திருத்தினார்கள். அங்கே கட்டமைப்பே கெட்டது. எனவே கெர்னலை மாற்றிய பின் எஃப்எஸ்சிகே கட்டாயம் தேவைப்பட்டது. அத்தகைய நிலையில் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, பிரிவை மவுண்ட் செய்யாமல், முதலில் "இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என்" மூலம் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பிரிவை முழுதாக வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த பிறகே திருத்த விடுங்கள். -இசட் தேர்வில் ஒரு கோப்பின் பெயர் கொடுத்தால் மாற்றங்களைத் திரும்ப எடுப்பதற்கான பதிவு அதில் சேரும். அந்தக் கோப்பு வேறு டிஸ்க்கில் இருக்கவேண்டும். லைவ் யுஎஸ்பியிலும் பழுதான கெர்னல் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2019-இல் 5.2 வரிசையில் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு இன்னொன்று வந்தது. எழுதப்படவேண்டிய கட்டமைப்பு பிளாக்குகள் எழுதப்படாமலே விடுபட்டு, "பேரன்ட் டிரான்ஸ்ஐடி வெரிஃபை ஃபெயில்டு" என்ற செய்தியோடு பிரிவு மவுண்ட் ஆகாமல் போனது. 5.2.15-இல் திருத்தம். அங்கே அவசரத்தில் "பிடிஆர்எஃப்எஸ் செக் --ரிப்பேர்" ஓட்டினால் இருப்பதும் போகலாம். படிக்க மட்டும் மவுண்ட் செய்து பார்ப்பது, முடியாவிட்டால் "பிடிஆர்எஃப்எஸ் ரீஸ்டோர்" மூலம் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு இழுப்பது, பிறகு புதிதாக ஃபார்மட் செய்வது என்ற வரிசையே பாதுகாப்பானது.

6.1.0-14-ஐ அப்படியே விட்டுவைக்கலாமா?

வேண்டாம். பட்டியலில் இருக்கும்வரை ஒருநாள் தவறுதலாகவேனும் அதில் பூட் ஆகும். புதிய கெர்னலில் ஓடுகிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொண்டு "ஆப்ட் பர்ஜ் லினக்ஸ்-இமேஜ்-6.1.0-14-ஏஎம்டி64" அடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலையே நீக்கப் போனால் டிபிகேஜி எச்சரிக்கும்; அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள், மாட்யூல்கள் மறைந்து அடுத்து செருகும் யுஎஸ்பிகூட ஏறாது. நீக்கியபின் "அப்டேட்-க்ரப்" வெளியீட்டில் 14 வரவில்லை என்று பாருங்கள். க்ரானில் நிறுத்திவைத்த பேக்கப்பையும் சுழற்சி விதியையும் அதன்பிறகு மீண்டும் இயக்குங்கள். முதல் இரவின் பேக்கப் கோப்பின் அளவைக் காலையில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.